நாணயத்தின் இருபுறம்: பணம்பற்றிய ஆங்கிலச் சொற்களும் மரபுத்தொடர்களும்

 

நம் பள்ளியின் ஆண்டு மலரில் மொழிப்பாடம் ஒன்றை எழுதி வருவது நமது வழக்கம். இவ்வாண்டு, ஆங்கில மொழியில் பணத்தையும் நாணயத்தையும் குறித்து வழங்கும் சொற்களையும் மரபுத்தொடர்களையும் பாடப்பொருளாக எடுத்துக்கொண்டோம். இப்பாடம் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. வேலை முடிந்து வீடு திரும்பிய பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து படித்தற்குரியது. ஆதலின் ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழெழுத்திலேயே தந்துள்ளோம். அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாணவர்கள் அகராதியில் தேடிக் கண்டு, தத்தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். அங்ஙனம் தேடுவதே இப்பாடத்தின் முதற் பயிற்சியாகும்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறுவோம்.

ஆர்வமா, வட்டியா?

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டில் பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தையார் நம் அலுவலக அறைக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி அவர். வேலை உடையை மாற்றாமலேயே வந்திருந்தார். கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது.

"ஐயா, ஒருவரிடம் 500 வெள்ளி கடன் வாங்கினேன். மாதம் தவறாமல் 50 வெள்ளி கட்டி வருகிறேன். ஆறு மாதம் ஆகிவிட்டது. 300 வெள்ளி கட்டிய பிறகும் 500 வெள்ளி பாக்கி என்கிறார்கள். இது என்ன கணக்கு ஐயா?" என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பக்கம். அதன் நடுவே 'இன்ட்ரஸ்ட் 10 பெர்சென்ட் பெர் மந்த்' என்று இருந்தது. மாதந்தோறும் நூற்றுக்குப் பத்து வட்டி என்பது அதன் பொருள். 500 வெள்ளிக்கு ஒரு மாத வட்டி 50 வெள்ளி. அவர் கட்டிய பணம் முழுவதும் வட்டிக்கே சரியாய்ப் போயிற்று. வாங்கிய முதலில் ஒரு காசும் குறையவில்லை.

"கையெழுத்து இடுமுன் இதனை யாரிடமாவது காட்டினீர்களா?" என்று கேட்டோம்.

"மகளிடம் காட்டினேன் ஐயா. வகுப்பில் ஆங்கிலத்துக்கு அவள்தானே முதல்?" என்றார்.

மாணவியை அழைத்து வினவினோம். அவள் தலை குனிந்தவாறு, "ஐயா, இன்ட்ரஸ்ட் என்றால் ஆர்வம் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? பத்து விழுக்காடு ஆர்வம் என்று போட்டிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். நல்லதாகத்தான் இருக்கும் என்று அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்றாள்.

நமக்கு மறுமொழி கூற நா எழவில்லை. பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரை ஒன்றிற்காக அச்சொல்லை நாமே கரும்பலகையில் எழுதி, 'ஆர்வம்' என்று பொருள் கூறியிருந்தோம். வட்டி என்னும் பொருளும் அதற்கு உண்டு என்பதைக் கூறாது விட்டோம். சொல்லின் ஒரு பக்கத்தை மட்டும் கற்பித்த குறை நம்முடையது. அக்குறைக்கு விலை கொடுத்ததோ ஒரு தொழிலாளியின் குடும்பம். அக்குறையைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

இருபொருட் சொற்கள்

நாணயத்திற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் கண்டவன் அந்நாணயத்தை முழுதும் கண்டவனாகான். தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கே இருபொருள் உண்டன்றோ? கையிலுள்ள காசும் நாணயம்; சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஆங்கிலத்திலும் இவ்வாறே பல சொற்கள் பள்ளிப் பாடநூலில் ஒரு முகத்தையும், கடையிலும் வங்கியிலும் வேறொரு முகத்தையும் காட்டுகின்றன. அவற்றுள் இன்றியமையாதன சிலவற்றைக் காண்போம்.

இன்ட்ரஸ்ட்: ஆர்வம் என்பது ஒரு பொருள். வட்டி என்பது மறுபொருள். மலாய் மொழியில் 'ஃபாயேடா' என்னும் சொல்லும் பயன், வட்டி என்னும் இருபொருளும் தரும். ஆதலின் மலாய்ப் படிவத்திலும் விழிப்பு வேண்டும்.

பிரின்சிபல்: கல்லூரி முதல்வர், கடனாக வாங்கிய முதல், அஃதாவது அசல். தமிழிலும் 'முதல்வர்', 'முதல்' என்னும் இரண்டும் ஒரே சொல்லிற் பிறந்தவையாதலால் இதனை நினைவில் நிறுத்துதல் எளிது.

பேலன்ஸ்: சமநிலை, மீதித் தொகை. இச்சொல்லில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. சேமிப்புக் கணக்கில் 'பேலன்ஸ்' என்பது நமக்குரிய மீதி. கடன் கடிதத்தில் 'பேலன்ஸ்' என்பது நாம் இன்னும் கொடுக்க வேண்டிய மீதி. எந்தத் தாளில் உள்ளது என்று பார்த்தே பொருள் கொள்ளல் வேண்டும்.

சேஞ்ச்: மாற்றம், சில்லறை. கடைக்காரர் திருப்பித் தரும் மீதிக் காசும் இதுவே.

நோட்: குறிப்பு, பணத்தாள்.

பில்: பறவையின் அலகு, பொருளுக்குரிய விலைச்சீட்டு.

பேங்க்: ஆற்றங்கரை, வங்கி.

ஃபைன்: நலம், தண்டத் தொகை. சாலைக் குற்றத்திற்காக வரும் கடிதத்தில் இச்சொல் இருந்தால் நலம் விசாரிக்கிறார்கள் என்று மகிழ்தல் கூடாது.

சார்ஜ்: கைப்பேசிக்கு மின்னேற்றுதல், ஒரு பணிக்குப் பெறும் கட்டணம்.

செக்யூரிட்டி: காவல்; கடனுக்கு ஈடாக வைக்கும் பொருள்.

ஷேர்: பிறரோடு பகிர்தல்; ஒரு நிறுவனத்தில் நமக்குள்ள பங்கு. இப்பொருளைத் தோட்டத்து மக்கள் முன்னரே அறிவர். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் வேலையிழந்து நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தம் சம்பளத்திற் சிறு தொகையை ஒதுக்கி அதில் பங்கு வாங்கினர். அப்பணத்தைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. பகிர்தலும் பங்கும் ஒன்றே என்பதை அவர்கள் அகராதி பாராமலேயே உணர்ந்திருந்தனர்.

இத்தகைய சொல்லைக் கண்டவிடத்து எப்பொருளைக் கொள்வது? அதற்கு ஓர் எளிய வழி உண்டு. சொல்லின் அண்டை அயலைப் பார்த்தல் வேண்டும். அருகே ஓர் எண்ணோ, 'பெர்சென்ட்' என்னும் சொல்லோ, செலுத்துதலைக் குறிக்கும் 'பே' என்னும் சொல்லோ, செலுத்த வேண்டிய நாளைக் குறிக்கும் 'ட்யூ' என்னும் சொல்லோ நின்றால், பெரும்பாலும் அது பணப்பொருளே என்று கொள்க. நம் மாணவி படித்த தொடரில் 10 என்னும் எண் அச்சொல்லை அடுத்தே நின்றது. அதனைக் கவனிக்க நாம் கற்பிக்கவில்லை.

மாதமா, ஆண்டா?

வட்டியைக் குறிக்கும் தொடரில் இறுதியில் நிற்கும் சொற்களே முதன்மையானவை. 'பெர் மந்த்' என்றால் மாதத்திற்கு. 'பெர் ஆனம்' என்றால் ஆண்டிற்கு. பின்னது இலத்தீன் தொடர். 'ஆன்னுஸ்' என்பது அம்மொழியில் ஆண்டைக் குறிக்கும். இவ்விரண்டனுள் எது என்று பாராமல் கையெழுத்திடுதல் ஆகாது.

500 வெள்ளிக் கடனுக்கு மாதம் 10 விழுக்காடு வட்டி என்றால், ஓராண்டில் வட்டி மட்டும் 600 வெள்ளி. வாங்கியதைவிட வட்டியே மிகுதி. அசலோ அப்படியே நிற்கும். அதே கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால், ஓராண்டு வட்டி 90 வெள்ளியே. ஒரு சொல்லின் வேறுபாட்டில் 510 வெள்ளி இருக்கக் காண்கிறோம்.

18 என்னும் எண்ணை நாம் வாளா எடுத்துக் கூறவில்லை. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர், ஈடு பெற்ற கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டிற்கும், ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கும் மேல் வட்டி வாங்குதல் கூடாது. இதனைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். இந்நாளில் கடன் தருவதாகக் கைப்பேசிக்கே குறுஞ்செய்திகள் வருகின்றன. அவற்றிலும் முதலிற் பார்க்க வேண்டியது இவ்விரண்டு சொற்களையே.

சம்பளச் சீட்டைப் படித்தல்

ஆங்கிலத்தில் உழைப்பிற்குரிய ஊதியத்தைக் குறிக்க இரண்டு சொற்கள் உள. நாட்கணக்கிலோ, செய்த வேலையின் அளவிலோ பெறும் கூலி 'வேஜ்'. மாதந்தோறும் ஓரளவாகப் பெறும் சம்பளம் 'சேலரி'. சம்பளச் சீட்டில் காணப்படும் பிற சொற்கள் வருமாறு:

'பேசிக்' என்பது அடிப்படைச் சம்பளம். 'ஓவர்டைம்' என்பது மிகைநேர வேலைக்குரிய ஊதியம். 'அலவன்ஸ்' என்பது படித்தொகை. இவையெல்லாம் கூடிய மொத்தத் தொகை 'கிராஸ்'. அதிலிருந்து கழிக்கப்படுவது 'டிடக்‌ஷன்'. முன்னரே வாங்கிக்கொண்ட முன்பணம் 'அட்வான்ஸ்'. இதுவும் கழிவில் சேரும். எல்லாம் கழிந்தபின் கையில் எஞ்சுவது 'நெட்'. மீன் பிடிக்கும் வலைக்கும் இதே பெயர் என்பதால், 'வலையில் தங்கிய மீனே நம்முடையது' என்று மாணவர் நினைவிற் கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 'கிராஸ்' 1,800 வெள்ளி, 'டிடக்‌ஷன்' 240 வெள்ளி எனில், 'நெட்' 1,560 வெள்ளியாகும்.

கழிவு என்றவுடன் இழப்பு என்று எண்ணுதல் தவறு. ஊழியர் சேமநிதிக்கு 60 வயதிற்குட்பட்ட மலேசியத் தொழிலாளியிடமிருந்து கழிக்கப்படும் 11 விழுக்காடு அவர் பெயரிலேயே சேர்கிறது. அவர் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாவிடின், முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு செலுத்துகிறார். ஆதலின் ஒவ்வொரு கழிவும் எதற்குரியது என்று படித்தறிதல் வேண்டும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தின்படி, ஒரு மாதச் சம்பளம் அம்மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் இங்கே கூறி வைக்கிறோம்.

கடையில் தரும் சீட்டில் 'ரவுண்டிங்' என்றொரு சொல்லைக் கண்டிருப்பீர்கள். 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, ஒரு காசு நாணயம் வழக்கொழிய வேண்டி, மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசிற்குச் சரிசெய்யும் முறை வந்தது. 1, 2 என முடிந்தால் சுழியத்திற்குக் குறையும். 3, 4 என முடிந்தால் ஐந்திற்கு உயரும். 6, 7 என முடிந்தால் ஐந்திற்குக் குறையும். 8, 9 என முடிந்தால் பத்திற்கு உயரும்.

சொற்களின் பிறப்பு

ஒரு சொல் பிறந்த கதையை அறிந்தால் அதனை மறத்தல் அரிது.

'சேலரி' என்னும் சொல் உப்பைக் குறிக்கும் 'சால்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் 'சம்பளம்' என்பதனையும் சம்பு ஆகிய நெல்லும் அளம் ஆகிய உப்பும் கூடியது எனச் சிலர் பிரித்துக் காட்டுவர். 'வொர்த் ஹிஸ் சால்ட்' என்று ஓர் ஆங்கில மரபுத்தொடர் உண்டு. வாங்கும் சம்பளத்திற்குத் தக்கபடி உழைப்பவன் என்பது அதன் பொருள்.

'கரன்சி' என்பது ஓடுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. கைமாறி ஓடிக்கொண்டிருப்பதே பணம். தமிழிலும் 'செல்லும் காசு', 'செல்லாத காசு' என்கிறோம். 'செலவு' என்பதே 'செல்' என்னும் வினையிலிருந்து வந்தது. 'இன்கம்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் 'உள்ளே வருவது' எனப் பொருள்படும். நம் 'வரவு' என்பதும் அதுவே.

'டாலர்' என்பது பொஹீமியா நாட்டில், யோகிம்ஸ்தால் என்னும் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் வெட்டியெடுத்த வெள்ளியால் அடித்த 'தாலர்' நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. 'ரிங்கிட்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பல்விளிம்பு என்பது பொருள். முற்காலத்தில் இங்கு வழங்கிய ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பைக் கண்டு இட்ட பெயர் அது. ரிங்கிட், சென் என்னும் பெயர்கள் 1975ஆம் ஆண்டில் முறைப்படி ஏற்கப்பட்டன. மலேசியத் தமிழராகிய நாமோ இன்றும் 'வெள்ளி' என்றும் 'காசு' என்றுமே வழங்கி வருகிறோம்.

'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் இரண்டு உள. ரொக்கப் பணத்தைக் குறிப்பது பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கீழ்நாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்' நம் தமிழ்க் 'காசு' போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்றதாகும். சென்னையிலிருந்த ஆங்கில வணிகக் கும்பினியார், 80 காசு ஒரு 'ஃபனம்' என்றும், 42 'ஃபனம்' ஒரு வராகன் என்றும் கணக்கு வைத்திருந்தனர். 'ஃபனம்' என்பது நம் 'பணம்' அன்றி வேறன்று. ஆங்கிலம் நமக்கு அயன்மொழி என்று அஞ்சி ஒதுங்கும் மாணவர், நம் மொழியிலிருந்தும் அது கடன் வாங்கியுள்ளது என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

'கிரெடிட்' என்பதற்கு 'நம்புதல்' என்பது அடிப்படைப் பொருள். நம்பிக் கொடுப்பதே கடன். இவ்விடத்தில் நம் 'நாணயம்' என்னும் சொல் நினைவிற்கு வருதல் இயல்பே.

மரபுத்தொடர்கள்

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தல் கூடாது. முழுத்தொடரின் கருத்தை உணர்ந்து, அதற்கேற்ற தமிழ் வழக்கைத் தேடல் வேண்டும்.

'சேவ் ஃபார் எ ரெய்னி டே': மழைநாளுக்கெனச் சேமி என்பது நேர்ப்பொருள், இடுக்கண் வருங்காலத்திற்கெனச் சேர்த்து வை என்பது கருத்து. பிறர்க்கு இது மரபுத்தொடர். நமக்கோ இது நேர்ப்பொருளாகவே இருந்தது. நம் பெற்றோர் பால்வெட்டுத் தொழிலாளர். விடியற்காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. வெட்டியபின் மழை வந்தாலோ மங்கிலுள்ள பால் நீரோடு வழிந்தோடும். மழைநாள் என்பது கூலி குறையும் நாள். அந்நாளுக்கென நம் அன்னையார் அரிசிப் பானைக்குள் சில்லறையைப் புதைத்து வைப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இம்மரபுத்தொடரின் பொருளை அவரினும் நன்கறிந்தவரை நாம் கண்டதில்லை.

'மனி டஸ் நாட் க்ரோ ஆன் ட்ரீஸ்': 'பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?' என்று தமிழிலும் கேட்கிறோம். இரப்பர் மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழும் நமக்கு மரம்தானே சோறிடுகிறது என்று மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல வினா. மரத்தில் இருப்பது பாலும் குலையுமே. அவற்றைப் பணமாக்குவது உளி பிடித்த கையும் அரிவாள் பிடித்த கையும் ஆகும்.

'டு மேக் என்ட்ஸ் மீட்': இரு முனைகளையும் சேர்த்தல் என்பது சொற்பொருள், வரவிற்குள் செலவை அடக்கிக் குடும்பம் நடத்துதல் என்பது கருத்து.

'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்': பென்னி என்பது பிரிட்டனின் சிறு காசு. 1971ஆம் ஆண்டு வரை 240 பென்னி ஒரு பவுனாக இருந்தது. அதன்பின் 100 ஆயிற்று. சிறு செலவில் சிக்கனமும் பெருஞ்செலவில் அறியாமையும் காட்டுவாரை இத்தொடர் குறிக்கும். 'கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார்' என்பது நம் பழமொழி. கடையில் பத்துக் காசுக்கு வாதிட்டுவிட்டு, கடன் தாளில் படியாமல் கையெழுத்திடுவதும் இத்தன்மைத்தே.

'டு காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்': கையும் காலும் விலை என்று மொழிபெயர்த்தால் நகைப்பிற்கிடமாகும். 'யானை விலை குதிரை விலை' என்று நாம் கூறுவதே இதற்கு நிகர்.

'இன் த ரெட்': சிவப்பில் இருத்தல். கணக்கேட்டில் பற்றாக்குறையைச் சிவப்பு மையால் எழுதிய வழக்கத்திலிருந்து வந்தது. வரவைவிடச் செலவு மிகுந்த நிலையைக் குறிக்கும்.

'எ பேட் பென்னி': செல்லாக்காசு. இங்கே எச்சரிக்கை வேண்டும். தமிழில் 'செல்லாக்காசு' என்றால் மதிப்பிழந்தவர். ஆங்கிலத்திலோ, விரட்டினாலும் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் வேண்டாதவர் என்பது கருத்து. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு.

'த பென்னி ஹாஸ் ட்ராப்ட்': காசு விழுந்துவிட்டது. காசு போட்டால் இயங்கும் பொறியில் காசு உள்ளே விழுந்த பின்னரே அது வேலை செய்யும். அதுபோல், நெடுநேரம் விளங்காதிருந்தது இப்போது விளங்கியது என்பது கருத்து.

'ஹெட்ஸ் ஆர் டெயில்ஸ்': 'பூவா தலையா' என்பதற்கு நிகர். மலாயாவில் 1950களில் வழங்கிய காசுகளில் இங்கிலாந்து அரசியாரின் தலை இருந்தது. 1967ஆம் ஆண்டில் நம் நாட்டின் சொந்த நாணயங்கள் வந்தபோது தலை மறைந்தது. 1989ஆம் ஆண்டின் நாணயங்களில் செம்பருத்தி மலர் இடம்பெற்றது. ஆகவே இன்று நம் காசைச் சுண்டினால் பூ உண்டு, தலை இல்லை!

ஒலிப்பும் வழக்கும்

கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து எழுதப்படும், ஒலிக்கப்படாது. பற்றுச்சீட்டைக் குறிக்கும் 'ரிசீட்' என்னும் சொல்லில் பதினாறாம் எழுத்து அவ்வாறே எழுதப்படும், ஒலிக்கப்படாது.

தமிழில் 'கடன் வாங்கு', 'கடன் கொடு' என்று ஒரு சொல்லை வைத்தே இரண்டையும் கூறுகிறோம். ஆங்கிலத்தில் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. இவற்றை மாற்றிக் கூறினால் கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் இடம் மாறிவிடுவர்.

'ஓ' என்றால் கடன்பட்டிருத்தல். 'ஓன்' என்றால் சொந்தமாக உடைத்திருத்தல். இரண்டிற்கும் இடையே ஓர் ஒலியே வேறுபாடு. வாழ்க்கையிலோ அவ்வேறுபாடு மிகப் பெரிது.

பயிற்சி

1. 'பேலன்ஸ் ட்யூ 320 ரிங்கிட்' என்று ஒரு கடிதத்தில் உள்ளது. இது நமக்கு வரவேண்டிய பணமா, நாம் தரவேண்டிய பணமா?

2. கடையில் மொத்தம் 12 வெள்ளி 43 காசு. 'ரவுண்டிங்' செய்தபின் கொடுக்க வேண்டியது எவ்வளவு?

3. 'பிரின்சிபல்' 1,000 வெள்ளி; 'இன்ட்ரஸ்ட்' ஆண்டுக்கு 12 விழுக்காடு. ஓராண்டிற்குரிய வட்டி எவ்வளவு? அதே விழுக்காடு மாதத்திற்கு எனில், ஓராண்டிற்கு எவ்வளவு?

4. இம்மாதச் சம்பளச் சீட்டைத் தந்தையாரிடமோ தாயாரிடமோ கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுக. தெரியாத சொல்லைக் குறித்துக்கொண்டு பள்ளிக்கு வருக.

விடைகள்: 1. நாம் தரவேண்டியது. 2. 12 வெள்ளி 45 காசு. 3. 120 வெள்ளி, 1,440 வெள்ளி. நான்காம் வினாவிற்கு விடை உங்கள் வீட்டில் உள்ளது.

முடிவுரை

தொடக்கத்தில் கூறிய குடும்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அத்தாயார் தம் காதணியை அடகு வைத்தார். அப்பணத்தைக் கொண்டு அசல் 500 வெள்ளியும் ஒரே தடவையில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 'பேலன்ஸ்' ஏதும் இல்லை என்று எழுதிய 'ரிசீட்' ஒன்றை மறவாமல் கேட்டு வாங்குமாறு கூறியனுப்பினோம். அடகுக் கடைச் சீட்டிலும் 'இன்ட்ரஸ்ட்' என்னும் சொல் இருந்தது. மகள் அதனைப் படித்து, "அம்மா, இது வட்டி. மாதத்திற்கு" என்று கூறினாளாம். சில மாதங்களிற் காதணி மீண்டும் வீடு வந்து சேர்ந்தது.

அன்று முதல் நம் பள்ளியில் எந்த ஆங்கிலச் சொல்லைக் கற்பித்தாலும், "இதற்கு வேறு பொருள் உண்டா?" என்று மாணவர் கேட்டல் வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியுள்ளோம். ஆசிரியர்க்குத் தெரியாவிடின் அகராதியைப் பார்த்து மறுநாள் கூறுவார். அதில் நமக்கு யாதொரு நாணமும் இல்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் படிக்கும் மொழி தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதன்று. வீட்டிற்கு வரும் ஒவ்வொரு தாளையும் அவர்கள் கையில் கொடுங்கள். அவர்களுக்கு ஐயம் எழுந்தால் பள்ளிக்கு அனுப்புங்கள். நம் அறைக் கதவு என்றும் திறந்தே இருக்கும். படித்துப் பொருள் விளங்கும் வரை கையெழுத்து இடாதீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!